ஒரு சிகரட்டும் இரண்டு ஈ.சி.ஜி. தாள்களும்

“சுவாமி, புகைச்சால் கான்சர் வருமெண்டு சொல்லுறியள். அது வர இருபது முப்பது வருசம் எடுக்கும். நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு விட்டிட்டு வந்த காணியை இன்னும் கண்ணாலை காணேல்லை. இருபது வருசத்துக்குப் பிறகு வரப்போற வருத்தத்துக்கு இப்பவே ஏன் பயப்பிட வேணும்?”

விவசாயிகள் சங்கக் கூட்டமொன்றில் ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒருவர் எழுந்து நின்று எம்மிடம் இப்படிக் கேட்டார். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் தகப்பனாரோடு சேர்ந்து புகையிலையும் வெங்காயமும் செய்தவர். 1990இல் வெளிக்கிட்டார். 1995இல் எல்லோரோடும் மீண்டும் வெளிக்கிட்டார். அதன் பிறகு எத்தனை தடவை என்று அவரே கணக்கு வைப்பதில்லை. இப்போது குத்தகைக் காணியில் மிளகாய் நடுகிறார். கூட்டத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

கேள்வி நியாயமானது. புகைத்தலைப் பற்றி நாம் அச்சடிக்கும் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் தூரத்துக் கதையையே சொல்லுகின்றன. நுரையீரல் கரியாகும், தொண்டையில் கட்டி வரும், முதுமையில் மூச்சு முட்டும் என்கின்றன. அடுத்த போகம் எந்தக் காணியில் என்று தெரியாதவனுக்கு முதுமையைக் காட்டிப் பயமுறுத்துவது வீண் வேலை. ஆனால் சிகரட் இருபது வருடம் காத்திருப்பதில்லை என்பதைச் சில வாரங்களின் பின் அதே மனிதரின் இதயம் எமக்குக் காட்டிக் கொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நெஞ்சு படபடக்கிறது, இரவில் நித்திரை குழம்புகிறது என்று அவர் சொன்னதால் எமது வானில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம். இலக்கம் எடுத்துக் காத்திருந்தோம். அவருக்குப் பயம். பயம் வந்தால் அவருடைய கை சட்டைப் பைக்குப் போய்விடும். படலைக்கு வெளியே போய் ஒன்றைப் பற்றி முடித்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகப் பெயரைக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளைக் கையிலெடுத்த இளம் டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, கடைசியா எப்ப பத்தினீங்கள்?”

“இப்பதான் தம்பி. ஒண்டே ஒண்டு.”

டொக்டர் கோபிக்கவில்லை. வெளியே வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்துவிட்டு வரச் சொன்னார். நாம் பக்கத்தில் இருந்தபடியால் இரண்டாவது சிகரட்டுக்கு வழியில்லை. மறுபடியும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இரண்டு தாள்களையும் மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து டொக்டர் எமக்கும் காட்டினார். முதல் தாளில் இதயம் நிமிடத்துக்கு 112 தடவை துடித்திருந்தது. இரண்டாவதில் 84. மனிதர் ஒருவர், நாள் ஒன்று, கட்டிலும் ஒன்று.

இந்த 28 துடிப்பு வித்தியாசம் முழுவதும் சிகரட்டின் வேலை என்று நாம் சொல்லமாட்டோம். பயமும் அவசர நடையும் அதில் சேர்ந்திருக்கும். ஒரு சிகரட் தனியாகக் கூட்டுவது பொதுவாக நிமிடத்துக்கு 10 முதல் 15 துடிப்பு. அது சின்னக் கணக்கு அல்ல என்பதை விளங்கிக்கொள்ள இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதயத்துக்குள் ஒரு நீர்ப்பாய்ச்சல்

இதயம் தசையாலான ஒரு பம். அந்தத் தசையை இயக்குவது மின்சாரம். வயரில் வரும் மின்சாரமல்ல, உடலே உண்டாக்குவது. இதயத்தின் வலது பக்க மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுத் திரள் இருக்கிறது. ஆதர் கீத், மார்ட்டின் பிளக் என்ற பிரித்தானியர் இருவர் 1907இல் இதனைப் பற்றி எழுதினார்கள். கிராமத்து வீடொன்றில் ஓர் அகழெலியின் இதயத்தை வெட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது என்பார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை இந்த இடத்திலிருந்துதான் கட்டளை புறப்படுகிறது. ஒரு நாளைக்குக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு இலட்சம் துடிப்பு.

தோட்டம் செய்தவருக்கு மிச்சத்தை விளக்குவது சுகம். கிணற்றடியில் இறைக்கத் தொடங்கினால் தண்ணீர் முதலில் தொட்டியில் விழுந்து, பிறகு வாய்க்காலில் ஓடி, கடைசியில் பாத்திகளுக்குப் பிரியும். இதயத்திலும் மின்சாரம் முதலில் மேலே உள்ள இரண்டு சோணையறைகளில் பரவுகிறது. அவை சுருங்கிக் குருதியைக் கீழே தள்ளும். நடுவில் ஒரு மடை உண்டு. அந்த மடையில் மின்சாரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்களவு தாமதிக்கும். மேலறைகள் குருதியைக் கொட்டி முடிக்கும் வரைக்குமான தாமதம் அது. பிறகு வாய்க்கால் திறபட்டு, இரண்டு கிளையாகப் பிரிந்து, கீழே உள்ள இதயவறைகளின் தசை முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாயும். இதயவறைகள் இறுக்கிச் சுருங்கும். அந்தத் துடிப்பைத்தான் நாம் மணிக்கட்டில் உணருகிறோம்.

சுருங்கிய தசை உடனே மறுபடி சுருங்காது. மின்னேற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். இந்த இளைப்பாறும் நேரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகரட் கை வைக்கும் முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த மின்சாரத்தைத் தோலுக்கு வெளியிலிருந்து தெளிவாகப் பதியும் கருவியை உண்டாக்கியவர் வில்லெம் ஐந்தோவன் என்ற ஒல்லாந்துக்காரர். 1860இல் யாவாத் தீவில் பிறந்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கட்டிய கருவியின் நிறை 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய வாளிகளுக்குள் வைத்தபடி இருக்க வேண்டும். தோலில் அளக்கக்கூடிய மின்சாரம் அவ்வளவு சிறியது. சாதாரண ரோச் பற்றரி ஒன்றின் வலு 1.5 வோல்ற். ஈ.சி.ஜி. தாளில் உயர்ந்து நிற்கும் உச்சி அதில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோடுகளுக்கு அவர் இட்ட பெயர்களையே இன்றும் உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்ற ஐந்து எழுத்துகள் அவை.

தாளை எப்படி வாசிப்பது

எமது விவசாயி தன் தாள்களை எல்லோருக்கும் காட்டித் திரிந்ததால் சங்கத்தில் பலர் இப்போது இதைக் கொஞ்சம் வாசிப்பார்கள். டொக்டரின் வேலையை நாம் செய்யப் போவதில்லை. ஆனாலும் தன் இதயத்தின் கையெழுத்தைத் தான் ஓரளவு வாசிப்பதில் பிழையில்லை.

முதலில் வரும் சிறு மேடு பீ. அது மேலறைகளின் மின்சாரம். அடுத்துத் தட்டையாக வரும் துண்டு மடையில் நிற்கும் நேரம். பிறகு ஊசி போல் எழுந்து இறங்குவது கீழறைகளின் மின்சாரம், அதன் உச்சிக்கு ஆர் என்று பெயர். அதன் பின் ஒரு சமதரை. கடைசியில் வரும் மெதுவான மேடுதான் ரீ. தசை இளைப்பாறி மின்னேற்றம் பெறுவது அந்த ரீ மேட்டில் தெரியும்.

தாளில் சதுரங்கள் உண்டு. வழமையான வேகத்தில் எடுத்த தாளில் ஒரு பெரிய சதுரம் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையில் எத்தனை பெரிய சதுரம் என்று எண்ணி, 300ஐ அதனால் பிரித்தால் நாடித்துடிப்பு வரும். அவருடைய இரண்டாவது தாளில் மூன்றரைச் சதுரம் இருந்தது. சிகரட் குடித்த கையோடு எடுத்த தாளில் மூன்று சதுரம்கூட இல்லை. அந்தத் தாளில் ரீ மேடு தேய்ந்து தட்டையாகியிருந்தது. முக்கால் மணித்தியாலத்தின் பின் அது கொஞ்சம் எழுந்திருந்தது.

சிகரட் குடித்த சில நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த ஆய்வுகள் உலகின் பல இடங்களில் நடந்துள்ளன. சுகமாக இருக்கும் இளைஞர்களிலும் உச்சிகளின் இடைவெளி குறுகுவதையும் ரீ மேடு தாழ்வதையும் அவற்றில் கண்டிருக்கிறார்கள். வேகத்துக்கு ஏற்பக் கணக்கிட்டுப் பார்க்கும்போது இளைப்பாறும் காலம் நீளுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முடியுருநாடிகள், அதாவது இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் குழாய்கள், ஏற்கனவே ஒடுங்கிப் போனவர்களில் ஊசிக்கும் ரீ மேட்டுக்கும் நடுவிலுள்ள சமதரை கீழே இறங்கலாம். தசைக்கு ஒட்சிசன் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது. அந்த நேரத்தில் நெஞ்சில் நோவே இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு நுட்பமான மாற்றமும் உண்டு. நல்ல இதயம் மணிக்கூடு மாதிரி ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே எடுக்கும்போது கொஞ்சம் விரையும், வெளியே விடும்போது கொஞ்சம் தணியும். காற்றுக்கு வளைந்து கொடுக்கும் பயிரைப் போன்றது அது. சிகரட் குடித்துச் சில நிமிடங்களில் இந்த வளைந்துகொடுக்கும் தன்மை குறைந்துபோகிறது.

மெசின் ஓடுகிறது, எண்ணெய் கலப்படம்

ஏன் இப்படி நடக்கிறது? சிகரட் புகையில் ஆயிரக்கணக்கான பொருட்கள் இருந்தாலும் உடனடி வேலையைச் செய்பவற்றில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது நிக்கொட்டின். ஒரு தடவை இழுத்தால் 10 முதல் 20 செக்கனுக்குள் அது மூளையை எட்டிவிடும். ஊசி மருந்துகூட அவ்வளவு கெதியாகப் போகாது. அது நரம்புகளைத் தட்டியெழுப்பும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பிகளிலிருந்து அதிரனலினை வெளியேற்றும். ஷெல் கூவி வரும் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாயும்போது உடம்பில் சுரந்தது அதே அதிரனலின்தான். அந்த நேரத்தில் அது எம்மைக் காப்பாற்றியது, ஓட வைத்தது. சிகரட் குடிப்பவர் கதிரையில் இருந்தபடி தன் இதயத்துக்கு அந்தக் கட்டளையைக் கொடுக்கிறார். இதயம் ஓடுகிறது, கால்கள் ஓடுவதில்லை. பிறெசரும் 5 முதல் 10 வரை ஏறும்.

இரண்டாவது காபனோரொட்சைட்டு. எரிகின்ற எதிலிருந்தும் வரும் நச்சு வாயு. குருதியில் ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் ஏற வேண்டிய வண்டியில் இது ஏறி இருந்துவிட்டால் எளிதில் இறங்காது. ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். அதற்கிடையில் அடுத்த சிகரட் வந்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் மெசினின் வேகத்தைக் கூட்டிவிட்டு, அதே நேரத்தில் மண்ணெண்ணெய்க்குள் தண்ணீரைக் கலந்து ஊற்றினால் என்ன நடக்கும்? மெசின் விக்கும், திக்கும், சில வேளை நின்றும் போகும். இதயத்துக்கும் அதுதான். வேலை கூடுகிறது, ஒட்சிசன் குறைகிறது. போதாததற்கு நிக்கொட்டின் முடியுருநாடிகளையும் இறுக்கக்கூடும். குருதியில் உறைய உதவும் சிறுதட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன.

ஒட்சிசன் போதாத தசைப்பகுதியும் போதுமான பகுதியும் ஒரே வேகத்தில் இளைப்பாற மாட்டா. ஒரு பாத்தி காய்ந்தும் மற்றது ஈரமாகவும் கிடக்கும். அப்படியான நேரத்தில் மின்சாரம் வாய்க்காலை விட்டு வழிமாறி வட்டமாகச் சுற்றத் தொடங்கலாம். கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை அதனால் வரலாம். நடுக்கம் தொடங்கிச் சில செக்கன்களில் மனிதர் மயங்கி விழுவார். சில நிமிடங்களுக்குள் உதவி கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். “நல்லாத்தான் இருந்தவர், தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எழும்பினவர், விழுந்திட்டார்” என்று செத்தவீடுகளில் நாம் கேட்கும் கதைகளில் சிலவற்றின் உள்ளே இருப்பது இதுதான். புகைப்பவர்களில் இந்தத் திடீர் மரணம் கூடுதலாக நிகழ்கிறது.

ஒரு சிகரட் குடித்தவர் எல்லோரும் விழுந்து சாவதில்லை. அப்படி எழுதினால் எமது வாசகர்கள் எம்மை நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. பெரும்பாலான தடவைகளில் இதயம் சமாளித்துக்கொள்ளும். ஆனால் எந்த இதயத்தின் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. எமது சனங்களில் சீனி வருத்தமும் பிறெசரும் உள்ளவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பியைத் தொலைத்து, மருந்தை விட்டு, பிறகு திரும்பத் தொடங்காதவர்களை எமக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொரு சிகரட்டிலும் சீட்டுக் குலுக்குகிறார்கள்.

“மனம் ஆறுது, சுவாமி”

இதைப் பலர் சொல்லுவார்கள். பொய் சொல்லவில்லை. நாமும் குருமடத்தில் படித்த காலத்தில் மதிலோரம் ஒளித்து நின்று புகைத்தவர்தான். பரீட்சைக்கு முன் ஒன்று பற்றினால் மனம் ஆறியது போலத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது. நிக்கொட்டின் குருதியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதியாகக் குறையும். குறையக் குறைய ஒரு பதகளிப்பு, எரிச்சல், கை நடுக்கம் வரும். அடுத்த சிகரட் அந்தப் பதகளிப்பைத்தான் ஆற்றுகிறது. தானே கொளுத்திய நெருப்பைத் தானே அணைத்துவிட்டு நன்றி கேட்கிறது. மனம் ஆறியதாக நாம் நினைக்கும் அந்த நிமிடத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எவரும் தன் கையால் அறியலாம். புகைக்காத எவரும் இதற்காகப் புகைக்க வேண்டாம். ஏற்கனவே புகைப்பவர் தான் எப்படியும் பற்றப்போகும் சிகரட்டுக்கு முன் பத்து நிமிடம் பேசாமல் இருந்து, பெருவிரலடியில் மணிக்கட்டுப் பள்ளத்தில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணட்டும். குடித்து முடித்து ஐந்து நிமிடத்தில், இருந்த இடத்திலேயே மறுபடி எண்ணட்டும். பெருவிரலால் எண்ணக்கூடாது, அதற்கும் ஒரு துடிப்பு உண்டு.

“நான் சிகரட் இல்லை, சுருட்டு”, “நான் வெத்திலையோடை மட்டும்தான்” என்போருக்கும் ஒரு வார்த்தை. சுருட்டின் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் அதன் நிக்கொட்டின் வாயின் தோலினூடாகவே குருதிக்குள் போகும். புகையிலை சப்பினாலும் அப்படியே. நாடி ஏறும். பீடி சின்னது, ஆகவே பாதுகாப்பானது என்பதும் பிழை. அணைந்து போகாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் அதன் நஞ்சு குறைவதில்லை.

யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தப் பயிர் எத்தனையோ வீடுகளைக் கட்டியது, எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பித்தது. அதைச் செய்தவர்களைக் குற்றம் சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் பனியில் நனைந்த புகையிலையை வெறும் மேலோடு வெட்டிச் சுமந்த நாட்களில் தலைசுற்றலும் ஓங்காளமும் வந்ததைப் பழைய தோட்டக்காரர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலென்றும் பித்தமென்றும் நினைத்திருப்பார்கள். ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோலினூடாக உள்ளே போவதால் வரும் வருத்தம் அது. நாடியையும் பிறெசரையும் அதுவும் குழப்பும். இன்றும் புகையிலை செய்பவர்கள் இலை காய்ந்த பின் வெட்டுங்கள், நீளக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், பிள்ளைகளை ஈர இலைக்குள் விடாதீர்கள்.

ஹெலெனா என்ற ஊர்

அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் ஹெலெனா என்ற சிறு நகரம் இருக்கிறது. நோர்மன் ஹோல்ரர் என்பவர் அந்த ஊர்க்காரர். கட்டிலில் படுத்திருக்கும்போது மட்டுமல்லாமல், நடந்து திரியும்போதும் இதயத்தின் மின்சாரத்தைப் பதிய வேண்டும் என்று நினைத்து 1940களின் கடைசியில் முதுகில் சுமக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதன் நிறை 38 கிலோ! இன்று அதன் வழிவந்த கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. 24 மணித்தியாலம் இடுப்பில் கட்டிவிடுவார்கள்.

அதே ஹெலெனாவில் 2002 யூன் மாதம் கடைகள், உணவகங்கள், வேலைத்தலங்களில் புகைத்தலைத் தடைசெய்தார்கள். வழக்குப் போட்டு ஆறு மாதத்தில் தடையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆறு மாதங்களில் அவ்வூர் ஆஸ்பத்திரிக்கு மாரடைப்போடு வந்தவர்களின் தொகை, முன்னைய வருடங்களின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்தது. தடை நின்றதும் திரும்ப ஏறியது. சிறிய ஊர், சிறிய தொகை; ஆகவே அந்த 40ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு பெரிய நகரங்களிலும் நாடுகளிலும் செய்த ஆய்வுகளில் வந்த குறைவு இதைவிடச் சிறிது. ஆனால் அவற்றிலும் பெரும்பாலும் குறைந்தே இருந்தது. இருபது வருடம் எடுக்கும் வருத்தம் ஆறு மாதத்தில் குறையாது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

புகைக்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சுகமான, புகைக்காத இளைஞர்களை அரை மணித்தியாலம் புகை நிறைந்த அறையில் இருக்கச் செய்து, முடியுருநாடிகளின் வேலை குறைந்து போவதை யப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். தகரக் கொட்டிலின் ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். மழைக்கு வெளியே போக முடியாமல் உள்ளேயே பற்றும் தகப்பன்மாரையும் அறிவோம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிச் சிகரட் வாங்குவிப்பதையும் கண்டிருக்கிறோம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது. சங்கக் கடைகளாவது இதைப் பாருங்கள்.

“ஈ.சி.ஜி. சரி எண்டு சொல்லிட்டினம்”

இது எமக்கு மிகவும் பயம் தரும் வசனம். சாதாரண ஈ.சி.ஜி. இதயத்தின் பத்துச் செக்கன் அளவு வாழ்க்கையைத்தான் பதிகிறது. அந்தப் பத்துச் செக்கன் நன்றாக இருந்தால் அன்றைய மிச்சமும் நன்றாக இருந்தது என்று அர்த்தமல்ல. பரிசோதனைக்கும் பிறெசர் பார்ப்பதற்கும் குறைந்தது அரை மணித்தியாலம் முன்பிருந்து புகைக்காமல் போங்கள். புகைத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் டொக்டர் பிழையான தாளை வைத்து மருந்து தீர்மானிக்க வேண்டி வரும்.

நடு நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கும் நோ, குளிர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் வாய்வு என்று உள்ளி தின்று காத்திருக்க வேண்டாம். எண்ணெய் தடவ வேண்டாம். ஆறுதலுக்கு ஒன்று பற்றவே வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நோ பெரிதாக இல்லாமல் களைப்பும் ஓங்காளமும் மட்டும் வரலாம்.

“ஒரு நாளைக்கு ஒண்டு ரெண்டுதான்” என்போருக்கு 2018இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த கணக்கைச் சொல்ல வேண்டும். 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நாளுக்கு 20 சிகரட் குடிப்பவருக்கு இதய வருத்தத்தால் வரும் மேலதிக ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒரேயொரு சிகரட் குடிப்பவருக்கும் இருந்தது. குறைப்பது நுரையீரலுக்கு நல்லது. இதயமோ பேரம் பேசுவதில்லை.

விட்டவருக்கு இதயம் கெதியாகத் திருப்பிக் கொடுக்கும். கடைசிச் சிகரட்டின் பின் 20 நிமிடத்தில் நாடியும் பிறெசரும் இறங்கத் தொடங்கும். 12 மணித்தியாலத்தில் காபனோரொட்சைட்டு வழமைக்கு வந்துவிடும். ஒரு வருடத்தில் இதய வருத்தத்தின் மேலதிக ஆபத்து பாதியாகும். பிரித்தானிய டொக்டர்களையே 1951இலிருந்து 50 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருட ஆயுள் மிஞ்சியது. 50இல் விட்டவர்களுக்கு ஆறு. முதல் மூன்று நாட்கள்தான் கடுமை. அந்த நாட்களில் வீட்டுக்காரர் அவருடைய கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது அவருடைய குணமல்ல, நிக்கொட்டின் போகும் வழி.

எமது விவசாயி அன்றே விட்டுவிட்டார் என்று எழுத ஆசை. ஆனால் அப்படி நடக்கவில்லை. இரண்டு தடவை விட்டு இரண்டு தடவை தொடங்கினார். மூன்றாந்தரம் விட்டு இப்போது ஏழாவது மாதம். மாத்திரை எடுக்கிறார், கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார்.

தாள்கள் இரண்டையும் காணி உறுதியும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். நல்ல யோசனை. பிறகொரு நாள் நெஞ்சுநோ வந்தால் புதிய தாளோடு ஒப்பிட டொக்டருக்குப் பழைய தாள் பெரிய உதவி. ஆனால் ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் பதியும் தாள். வெயிலும் சூடும் பட்டால் கோடுகள் மங்கிப் போகும். தகரக் கொட்டில் சூட்டில் கெதியாக மங்கும். ஆகவே போட்டோப் பிரதி எடுத்துத் திகதியும் எழுதி வையுங்கள். இதை அவருக்குச் சொன்னோம். அடுத்த நாளே பையோடு எமது அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஆறுதலாக எடுத்த தாளை மட்டும் நாம் மெசினில் வைத்தோம்.

“மற்றதையும் எடுங்கோ, சுவாமி” என்றார். “அது மூத்தவனுக்கு. அவன் சட்டைப் பைக்குள்ளையும் பெட்டி கிடக்குது.”